செர்பிய மாணவரின் ஆங்கிலத்தைத் திருத்துவது எப்படி?

ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தரப் புதிதாக இறங்கியிருக்கிறீர்கள், பெல்கிரேடிலிருந்து ஒரு மாணவர் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிய பத்தி வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள். பிழையான வாக்கியம் ஒவ்வொன்றையும் செர்பிய மொழியில் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கே அது சரியான வாக்கியமாக இருக்கும்.

படி 1: 'எ', 'த' விடுபட்ட இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். செர்பிய மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது. நமக்கும் கிடையாது என்பதால் மாணவரின் தவிப்பு உங்களுக்குப் புரியும். ஆனால் விதிகளை அடுக்க வேண்டாம், அவர் மொழியிலேயே ஒரு பிடி இருக்கிறது. 'நோவ் ஷெஷிர்' என்றால் ஏதோ ஒரு புதுத் தொப்பி. 'நோவி ஷெஷிர்' என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புதுத் தொப்பி. அந்த 'இ' ஒலிதான் 'த' செய்கிற வேலையைச் செய்கிறது என்று காட்டுங்கள். பெண்பால் பெயர்களோடு வரும்போது இந்த வேறுபாடு எழுத்தில் தெரியாது. அதனால் ஆண்பால் உதாரணங்களாகவே எடுங்கள்.

படி 2: அடுத்து டென்ஸ். 'ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதியிருப்பார். 'ஜிவிம் ஓவ்தே பெத் கொதினா' என்பதன் நேர்ப் பிரதி அது, நிகழ்காலம்தான். சரி, நாம் மட்டும் என்ன? 'ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்' என்றுதானே சொல்கிறோம்! இந்தப் பிழை நம் கண்ணுக்கு உறுத்தாமலே நழுவிவிடும், கவனம். ஒரு கோடு வரைந்து, தொடங்கிய வருடத்தையும் இன்றையும் குறித்து, இடைவெளி முழுவதற்கும் 'ஹேவ் லிவ்ட்' என்று எழுதிக் காட்டுங்கள்.

படி 3: இரட்டை மறுப்பு. 'ஐ டிடின்ட் சீ நத்திங்' என்பதற்கு அடியில் 'நிசம் நிஷ்தா வீதெயோ' இருக்கிறது. (கடைசிச் சொல் நம் காதில் 'வீடியோ' என்றே விழும்.) அங்கே 'நிஷ்தா' (அதாவது 'நத்திங்') வந்தால் வினையும் மறுத்தே வர வேண்டும். இரண்டில் ஒன்றை விரலால் மறைத்துப் படிக்கச் சொன்னாலே போதும்.

படி 4: சொல் வரிசை. 'மார்கோ வோலி ஆனு', 'ஆனு வோலி மார்கோ' இரண்டுமே மார்கோ ஆனாவை நேசிக்கிறான் என்றுதான் பொருள்படும். ஆனா என்ற பெயர் ஆனு என்று மாறுவது நம் 'ஐ' வேற்றுமை மாதிரி. ஆங்கிலத்தில் இடம் மாறினால் ஆனாதான் மார்கோவை நேசிப்பாள். இதை மாணவரையே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வையுங்கள், சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்.

அப்புறம், புத்தகத்தை 'ஷீ' என்பார், ஏனென்றால் அங்கே புத்தகம் பெண்பால். பேச்சின் நடுவே நிறுத்தித் திருத்தாதீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.