ஆர்க்டிக்கில் சிடிடி இறக்குவது எப்படி? முதல்முறை கப்பலேறுபவர்களுக்கான செய்முறை

ஆர்க்டிக் கடலில் நீரை அளந்து மாதிரி எடுக்கும் சிடிடி (CTD) கருவிக்கு ஆபத்து ஆழத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. மேற்பரப்புக் கடல்நீர் சுமார் −1.8 °C வரைதான் குளிரும், அதன்பின் உறைந்துவிடும். மேலே வீசும் காற்றோ செப்டம்பர் கடைசியிலேயே −10 °C-க்கு இறங்கும். கருவி நீருக்குள் கழிக்கும் மூன்று மணி நேரம் அதற்குச் சுகவாசம். கருவியை வைத்திருக்கும் ஹேங்கர் அறையின் கதவு திறந்ததிலிருந்து அது நீரில் மூழ்கும் வரையிலான இரண்டு நிமிடம்தான் அதைக் கெடுக்கும்.

எடுத்துக்காட்டாக ஆர்க்டிக்கின் ஆழ்கடல் பகுதியான கனடா படுகையை வைத்துக்கொள்வோம். அங்கே 2003 முதல் கனடாவின் ‘லூயி எஸ். செயின்ட் லாரன்ட்’ பனியுடைப்புக் கப்பல் ஆண்டுதோறும் அளவெடுத்துவருகிறது. ஆழம் சுமார் 3,800 மீட்டர். மேலே உப்பு குறைந்த குளிர்நீர், அதற்குக் கீழே பசிபிக்கிலிருந்து வந்த நீர், சுமார் 400 மீட்டரில் 0 °C-க்கு மேல் வெப்பமுள்ள அட்லாண்டிக் நீர், அதற்கும் கீழே மறுபடி குளிர். இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவதுதான் சிடிடி-யின் வேலை.

கருவி

சிடிடி மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளக்கும். கடத்துதிறனிலிருந்து உப்புத்தன்மையையும் அழுத்தத்திலிருந்து ஆழத்தையும் கணக்கிடுவார்கள். பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இருக்கும் ‘சீபேர்ட் 911 பிளஸ்’ நொடிக்கு 24 முறை அளந்து, கேபிள் வழியாக உடனுக்குடன் மேலே அனுப்பும். அதைச் சுற்றி வட்டச் சட்டத்தில் 24 நிஸ்கின் குப்பிகள் (இரு முனையும் திறந்து இறங்கி, வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் நீர்க் குப்பிகள்) நிற்கும். இந்த அமைப்புக்கு ரோசெட் என்று பெயர். குப்பி ஒவ்வொன்றும் 10 லிட்டர் என்றால், திரும்பி வரும்போது நீரே 240 கிலோ. தொங்கும் ரோசெட்டுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டவே கூடாது.

படி 1: ஹேங்கருக்குள்

ஒவ்வொரு குப்பியிலும் மூன்றைப் பாருங்கள். மேல் காற்றுத் திருகு இறுக்கியிருக்க வேண்டும். கீழ்க்குழாய் மூடியிருக்க வேண்டும். இரண்டு மூடிகளையும் திறந்து பிடித்திருக்கும் நைலான் கயிறு அதற்குரிய எண்ணுள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். கயிறு பக்கத்துக் குப்பியின் கயிற்றோடு சிக்கியிருந்தால் ஒரு மூடி மட்டும் அடையும், பாதிக் கடலைக் கலந்து கொண்டுவரும். திருகை மறப்பது அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு. குப்பி ஒழுகும், 3,000 மீட்டர் நீர் என்று எழுதியதில் மேல்மட்ட நீர் கலந்திருக்கும்.

கடத்துதிறனை அளக்கும் பகுதி மெல்லிய கண்ணாடிக் குழல். அதற்குள் நீர் தங்கி உறைந்தால் வெடித்துவிடும். வெளியே கொண்டுபோகும் முன் அதில் மாட்டியுள்ள பாதுகாப்பு டியூபைக் கழற்றி, நீரை முழுக்க வடித்துவிடுங்கள். டியூபைக் கழற்ற மறந்தால் குழல் உடையாது, ஆனால் உள்ளே கடல்நீர் ஓடாமல் அந்த இறக்கத்தின் அளவுகள் எல்லாம் வீண். கழற்றிய டியூபைக் கட்டுப்பாட்டு அறை மேசையில் வைக்கும் பழக்கம் நல்லது. அது மேசையில் இல்லையென்றால் இறக்காதீர்கள்.

படி 2: பனியில் ஓர் இடைவெளி

இது மாலுமிகளின் வேலை. கப்பலைப் பனித்தட்டில் சாய்த்து, குமிழிக் காற்றாலோ உந்துவிசையாலோ பக்கவாட்டில் ஒரு குளம் அளவுக்கு நீரைத் திறப்பார்கள். உங்கள் பங்கு இரண்டு. கேபிளை நோக்கிப் பனிக்கட்டி நகர்கிறதா என்று கண் வைத்திருங்கள். கப்பல் கலக்கிய மேல் 10 மீட்டர் அளவை நம்பிவிடாதீர்கள், பதிவேட்டில் அதைக் குறித்துவையுங்கள்.

படி 3: இறக்குதல்

கதவு திறந்தபின் பேச்சு இல்லை. தலைக்கவசம், மிதவைக் கோட்டு, இரும்பு முனைப் பூட்ஸ் எல்லாம் முன்பே போட்டிருக்க வேண்டும். ரோசெட்டைத் தூக்கி நேரே 10 மீட்டருக்கு இறக்கி நிறுத்துங்கள். கடல்நீர் பட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் சென்சாருக்குள் நீரை ஓட்டும் பம்ப் ஓடத் தொடங்கும். திரையில் பம்ப் ஓடுவது தெரிந்து, வெப்பநிலையும் உப்பும் நிலைபெறும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். வரும் வழியில் சென்சாரில் ஒட்டிய பனித்துகள் கரைவதும் இந்த நேரத்தில்தான். எண்கள் துள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். எடுத்தால் மறுபடி உறையும்.

பிறகு மேற்பரப்பை ஒட்டிக் கொண்டுவந்து அங்கிருந்து இறக்கத்தைத் தொடங்குங்கள். முதல் 100 மீட்டர் நிமிடத்துக்கு 30 மீட்டர், அதன்பின் 60. மேலே அடுக்குகள் நெருக்கமானவை, வேகமாகப் போனால் சென்சார் பின்தங்கும். அடிக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கடைசி 100 மீட்டரில் ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரத்தை அளக்கும் கருவி) தரையைக் காட்டும். தரைக்கு 10 மீட்டர் மேலே நிறுத்தச் சொல்லுங்கள். சேற்றில் மோதினால் குழலுக்குள் மண் புகும், கேபிள் தொய்ந்து முறுக்கிக்கொள்ளும்.

படி 4: ஏற்றும்போது குப்பியை மூடுதல்

குறித்த ஆழத்தில் வின்ச்சை (கேபிளைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருந்து மூடும் பொத்தானை அழுத்துங்கள். ரோசெட் மேலே வரும்போது கீழ்நீரையும் கூடவே இழுத்துவரும். அலையுள்ள கடலில் கப்பலின் ஆட்டமே குப்பியை அலசிவிடும். பனிக்குள் கப்பல் அசையாது, அதனால் நீர் மாறவும் நேரம் பிடிக்கும். அவசரப்படுபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

படி 5: மாதிரி எடுத்தல்

ரோசெட் வந்ததும் ஹேங்கர் கதவை மூடுங்கள். குழாய் உறைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரைக் குப்பியின் வெளிப்புறம் மட்டும் ஊற்றலாம், சென்சார் பக்கம் ஊற்றக் கூடாது. கண்ணாடிக்கு திடீர்ச் சூடும் பனியைப் போலவே பகை.

முதலில் ஒழுகல் சோதனை. மேல் திருகைத் திறக்காமல் கீழ்க்குழாயை மட்டும் திறவுங்கள். நீர் கொட்டினால் குப்பி சரியாக மூடவில்லை, எண்ணைக் குறித்துவிடுங்கள்.

எடுக்கும் வரிசை மாறக்கூடாது. வாயுக்கள் முன்னால்: குளோரோஃபுளோரோகார்பன், பிறகு ஆக்ஸிஜன், பிறகு கரைந்த கார்பன். அதற்குப்பின் ஊட்டச்சத்துகள், உப்பு. காரணம் எளிது. திருகைத் திறந்த நொடியில் குப்பிக்குள் காற்று நுழைகிறது, உறைநிலையை ஒட்டிய நீர் அறையில் சூடேறும்போது வாயு குமிழாகப் பிரிகிறது. உப்போ எங்கும் போகாது, அது காத்திருக்கும். வரிசையைக் கண்காணிக்க ஒருவர் நிற்பார். அந்த மேஸ்திரி சொல்லாமல் குழாயில் கை வைக்காதீர்கள்.

ஆக்ஸிஜனுக்கு 1888-இல் லுட்விக் விங்க்ளர் வகுத்த முறைதான் இன்றும். கீழ்க்குழாயில் மாட்டிய டியூபில் குமிழ் இல்லாதபடி அழுத்தி விரட்டி, குடுவையின் அடிவரை விட்டு, குடுவைக் கொள்ளளவில் மூன்று மடங்கு நீர் வழியட்டும். நீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். மாங்கனீஸ் குளோரைடு 1 மி.லி., கார அயோடைடு 1 மி.லி. இரண்டையும் நீருக்குள் முனையை அமிழ்த்திச் செலுத்தி, மூடியைச் சாய்வாகப் போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். பழுப்புப் படிவு வரும். இருபது நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி, கழுத்தில் நீர் ஊற்றி வையுங்கள். மூடியும் குடுவையும் எண்ணால் ஜோடி, இரண்டும் சேர்ந்துதான் கொள்ளளவு அளந்திருக்கும். மூடி மாறினால் கணக்கு மாறும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

உப்பை அளப்பதற்கான மாதிரிக் குப்பியை மூன்று முறை அலசி, தோள்வரை நிரப்பி, வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு மூடுங்கள். பழைய உப்புத்தூள் ஒட்டியிருந்தால் அளவு கூடும். அளவிடும் அறையில் ஒரு நாள் வைத்துச் சமவெப்பத்துக்கு வந்தபின்தான் சோதிப்பார்கள்.

கம்பளிக் கையுறைமேல் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் நைட்ரைல் பத்து நிமிடத்தில் விரலை மரத்துப்போகச் செய்யும்.

ஒரு ஷிஃப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம், நள்ளிரவிலும் சாப்பாடு உண்டு. கோடையில் சூரியன் மறையாது, கேபின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இல்லாமல் தூக்கம் வராது. அளவெடுக்கும் அடுத்த இடத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் தூங்கிவிடுங்கள், அரட்டை பிறகு.

படி 6: கட்டிவைத்தல்

சென்சார்களை நன்னீரால் அலசுங்கள், குழலை முற்றும் வடியுங்கள், பாதுகாப்பு டியூபை மாட்டுங்கள். ஒழுகிய குப்பி, சிக்கிய கயிறு, நகர்ந்துவந்த பனி எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். போகும் முன் ஹேங்கர் ஹீட்டரில் கைவைத்துப் பாருங்கள். அது நின்றிருந்தால் படுக்கப் போகாதீர்கள்.