இங்கிலாந்து சாது, அமெரிக்கா முரடு என்று முடிவுகட்டும் முன்: போராட்டங்களை ஒப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் ஊர்வலக் காணொளியில் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இல்லை. அமெரிக்கக் காணொளியில் கவச வண்டி, ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததும், இங்கிலாந்தில்தான் போராடும் சுதந்திரம் அதிகம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. போராடுகிறவர் உடம்புக்கு என்ன ஆபத்து என்பது ஒரு கேள்வி. அவர் என்ன முழங்கலாம், எந்தப் பதாகையைப் பிடிக்கலாம் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான விடையை வைத்து மற்றதை ஊகித்தால் இரு நாடுகளையும் தவறாகவே புரிந்துகொள்வோம்.

பேச்சுரிமையை முதலில் பார்ப்போம். 1791இல் சேர்க்கப்பட்ட முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் மிக விரிவாகப் பொருள்கொள்கின்றன. உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்து இருந்தாலொழிய ஒருவரது பேச்சைத் தண்டிக்க முடியாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1977இல் சிகாகோவை அடுத்த ஸ்கோக்கி என்ற ஊரில் நாஜிக் குழு ஒன்று ஊர்வலம் போகக் கேட்டது. ஹிட்லரின் வதை முகாம்களில் உயிர்பிழைத்த யூதர்கள் ஏராளமாக வாழ்ந்த ஊர் அது. அந்தக் குழுவின் உரிமைக்காக வழக்காடியது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU). இறுதியில் நீதிமன்றங்களும் குழுவின் பக்கமே நின்றன. இங்கிலாந்தில் இப்படி ஒரு தீர்ப்பைக் கற்பனை செய்வதே கடினம். அங்கே இன வெறுப்பைத் தூண்டும் பேச்சு 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி குற்றம். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை வழியாக அங்கும் உண்டு. ஆனால் பொது ஒழுங்கு, பிறர் உரிமை ஆகியவற்றோடு எடைபோட்டுப் பார்த்தே அவை தரப்படுகின்றன.

இந்த வேறுபாடு தமிழர்களை நேரடியாகத் தொட்டிருக்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கம் பிரிட்டனில் 2001இல் தடைசெய்யப்பட்டது. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் போராடியபோது, கையிலிருந்த கொடியே பிரச்சினையானது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் எழும்படி ஒரு பொருளைப் பொது இடத்தில் ஏந்துவது அங்கே பயங்கரவாதச் சட்டப்படி குற்றம். அதே பிரிவின்கீழ்தான் 2025 ஆகஸ்ட் 9 அன்று அதே சதுக்கத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெரும்பாலானோர் செய்தது, அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பாலஸ்தீன் ஆக்‌ஷன் குழுவை ஆதரிப்பதாக எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்ததுதான். அமெரிக்காவிலோ, புலிகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வேறு இடத்தில் கோடு போட்டது. அத்தகைய இயக்கத்தோடு இணைந்து அதற்குப் பயிற்சியோ ஆலோசனையோ தருவது குற்றமாகலாம். தனியாக நின்று அதை ஆதரித்துப் பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரே கொடி, ஒரே அட்டை. ஆனால் விளைவு வேறு. இதை அறியாமல் ஒரு நாட்டுப் பழக்கத்தோடு இன்னொரு நாட்டுத் தெருவில் இறங்குவது ஆபத்து.

அடுத்தது, “அனுமதி வாங்கினார்களா?” என்ற கேள்வி. நம்மூரில் போலீஸ் அனுமதி என்று கேட்டுப் பழகியதால் அங்கும் அப்படியே நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஊர்வலத்துக்கு ஆறு நாள் முன்னதாகத் தகவல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரிடத்தில் கூடி நிற்க அந்தத் தகவலும் தேவையில்லை. ஆனால் பாதை, நேரம், இடம் என்று போலீஸ் நிபந்தனை போடலாம். 2022 முதல் சத்தத்துக்கும் போடலாம். அமெரிக்காவில் சாலையை மறிக்கும் ஊர்வலத்துக்குப் பொதுவாக நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் சொல்லப்போகும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது.

இங்கிலாந்துப் போலீஸ் சாது என்பதும் பாதி உண்மைதான். 1829இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் போலீஸை உருவாக்கியபோதே, அது ராணுவம் போலத் தோன்றக் கூடாது என்பதில் கவனம் இருந்தது. பத்தாண்டுக்கு முன் மான்செஸ்டரில், பீட்டர்லூ படுகொலை என்று பெயர்பெற்ற நிகழ்வில், குதிரைப்படை கூட்டத்தை வெட்டிச் சாய்த்த நினைவு மக்களிடம் ஆறாமல் இருந்த காலம் அது. லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் 2014இல் ஜெர்மனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் வண்டிகள் மூன்றை வாங்கினார். உள்துறை அமைச்சர் தெரசா மே மறுத்துவிட்டதால், ஒரு கூட்டத்தின் மீதும் அவை பாயாமலே பழைய இரும்புக்குப் போயின. இத்தனையும் உண்மை. 1984இல் ஆர்கிரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீஸ் பாய்ந்ததும் உண்மை. 2009 ஜி20 போராட்டத்தின்போது, அதில் பங்கேற்காமல் வீடு திரும்பிக்கொண்டிருந்த செய்தித்தாள் விற்பனையாளர் ஒருவர் போலீஸ்காரரால் அடித்துத் தள்ளப்பட்டு இறந்ததும் உண்மை.

லண்டனின் தனி முறை கூட்டத்தைச் சுற்றி வளைத்து மணிக்கணக்கில் வெளியே விடாமல் நிறுத்தி வைப்பது. 2001 மே தினத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் ஏழு மணி நேரம் நிறுத்தினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012இல் அதை ஏற்றது. தடியே படாவிட்டாலும், கழிப்பறைகூட இல்லாமல் நடுத்தெருவில் அத்தனை நேரம் நிற்க வைப்பதை மென்மை என்று என்னால் சொல்ல முடியாது. 2023இல் மன்னர் முடிசூட்டு நாளன்று, முடியாட்சி எதிர்ப்பாளர்கள் ஆறு பேர் பதாகைகளைக் கட்டும் பட்டைகள் வைத்திருந்ததற்காகக் கைதானார்கள். உடலைப் பிணைத்துக்கொள்ளும் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய சட்டம் அமலுக்கு வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. பின்னர் போலீஸ் வருத்தம் தெரிவித்தது. ஆனால் விழா முடிந்துவிட்டது. எதிர்ப்புக் குரல் அன்று ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒலிக்கவில்லை.

யார் உத்தரவு போடுகிறார்கள் என்பதில்தான் ஆழமான வேறுபாடு இருக்கிறது. 2023 நவம்பரில், முதல் உலகப் போர் முடிந்ததை நினைவுகூரும் போர்நிறுத்த நாளன்று நடக்கவிருந்த பாலஸ்தீன ஆதரவு ஊர்வலத்தை உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் தானாகத் தடை போட அவருக்கு அதிகாரமில்லை. லண்டன் போலீஸ் ஆணையர் மார்க் ரோலி தடையைக் கேட்டிருக்க வேண்டும். சட்டப்படி அதற்கு முகாந்திரமில்லை என்று அவர் கேட்கவில்லை. ஊர்வலம் நடந்தது. போலீஸ் பாரபட்சம் காட்டுகிறது என்று பத்திரிகையில் எழுதியிருந்த அமைச்சர், ஊர்வலம் நடந்த இரண்டு நாளில் பதவியிழந்தார். அமெரிக்காவில் மாவட்டப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் பொதுவாகத் தேர்தலில் நின்று வெல்பவர். நகரப் போலீஸ் தலைவர் பெரும்பாலும் மேயரோ நகர நிர்வாகியோ நியமிப்பவர். மிகப் பெரிய போலீஸ் சங்கம் 2016, 2020, 2024 தேர்தல்களில் டிரம்புக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தது. பிரிட்டனில் பணியிலிருக்கும் போலீஸ்காரர் அரசியலில் ஈடுபடவே கூடாது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் மாநில ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி அதிபர், மாநிலத்தின் ரிசர்வ் ராணுவப் படையான நேஷனல் கார்டை இறக்கியதைப் போன்ற காட்சி லண்டனில் எளிதில் நடக்காது.

இன்னொன்று, பிரிட்டன் முழுவதையும் இங்கிலாந்தாக எண்ணுவது. வட அயர்லாந்தில் போலீஸ் துப்பாக்கியோடுதான் இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளும் பாய்ந்திருக்கின்றன. அதேபோல் “அமெரிக்கப் போலீஸ்” என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 43 பிராந்தியப் போலீஸ் படைகள் என்றால், அங்கே சுமார் 18,000 தனித்தனி அமைப்புகள்.

அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டுமானதல்ல என்று படித்துவிட்டு, விசாவுக்கு ஆபத்தில்லை என்று நம்பிவிடக் கூடாது. காசா போராட்டங்களில் முன்னின்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், கிரீன் கார்டு இருந்தும், எந்தக் குற்ற வழக்கும் இல்லாமல், 2025 மார்ச்சில் குடிவரவு அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் காவலில் இருந்தார். நீதிமன்றம் பிறகு விடுவிக்கலாம். அதற்குள் ஒரு பருவத் தேர்வோ ஒரு வேலையோ போய்விடும். பதாகை எழுதுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.