கியூபிச ஓவியத்தின் கட்டங்கள்: அடிக்கடி நேரும் தவறுகள்

கியூபிசம் என்பது பொருளைத் தட்டையான தளங்களாக உடைத்துக் காட்டும் பாணி; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிக்காசோவும் பிராக்கும் உருவாக்கியது. அவர்கள் வேலையைத் தொடக்கக் கட்டம், பகுப்பாய்வுக் கட்டம், தொகுப்புக் கட்டம் என்று பிரிப்பது வழக்கம். ஒரு கியூபிச ஓவியம் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதை ஆண்டையும் நிறத்தையும் மட்டும் வைத்துத் தீர்மானித்தால் பெரும்பாலும் சறுக்கும். வரைந்த பொருளும் அதன் பின்னணியும் படத்தின் பரப்பில் எப்படிச் சேர்கின்றன என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பிக்காசோவின் 'அவிஞோன் பெண்கள்' (1907) முழுமையான கியூபிச ஓவியம் என்று எழுதுவது பழகிப்போன பிழை. அதில் ஐபீரியச் (பண்டைய ஸ்பெயின்) சிற்பங்களின் சாயலும் ஆப்பிரிக்க முகமூடிகளின் சாயலும் உண்டு. ஆனால் உருவங்களின் வெளிவிளிம்புகள் பெரும்பாலும் இன்னும் மூடியே இருக்கின்றன. 1916இல்தான் அது பொதுக் காட்சிக்கு வந்தது. அதற்கு முன் அதைப் பார்த்தவர்கள் அவருடைய ஓவியக்கூடத்துக்குப் போனவர்களே.

முதல் கட்டத்தைப் புரிந்துகொள்ள, பிராக் 1908இல் வரைந்த 'லெஸ்தாக் வீடுகள்' நல்ல இடம். முந்தைய தலைமுறை பிரெஞ்சு ஓவியர் செசானிடமிருந்து அவர் கற்றது இதில் தெளிவாகத் தெரியும். வீடுகளுக்குக் கதவோ ஜன்னலோ இல்லை. வானம் இல்லை. ஒளி ஒரே திசையிலிருந்து வரவில்லை. ஒரு சுவரின் விளிம்பு ஓரிடத்தில் திறந்து, பக்கத்துத் தளத்தோடு கலந்துவிடுகிறது. அந்தத் திறந்த விளிம்பைத்தான் தேட வேண்டும், கனசதுரத்தை அல்ல. 'கனசதுரங்கள்' என்பது அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸின் கான்வைலர் காட்சிக்கூடத்தில் இந்த ஓவியங்களைப் பார்த்த விமர்சகர் வோசெல் ஏளனமாக எழுதியது. 1911க்கு வந்தால் படத்தில் கனசதுரமே கிடைக்காது.

பொருளைச் சிறு துண்டுகளாகப் பகுத்துக் காட்டும் பகுப்பாய்வுக் கட்டத்தை, எந்தப் பொருளையும் சுட்டாத அரூப ஓவியம் என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. பிராக்கின் 'போர்த்துகீசியர்' (1911) படத்தில் கிட்டாரின் தந்திகளும் வட்டத் துளையும் இருக்கின்றன. பழுப்பும் சாம்பலும் மட்டும் பயன்பட்டதற்குக் காரணம் உண்டு. பொருளுக்கு ஒரு நிறம், பின்னணிக்கு வேறு நிறம் என்று கொடுத்தால் இரண்டும் மறுபடி பிரிந்துவிடும். வலது மேற்புறத்தில் அச்சுத்தகடு வைத்துப் பதித்த எழுத்துகளைக் கவனியுங்கள். எழுத்துக்கு ஆழம் கிடையாது. அது கேன்வாஸின் மேல்பரப்பிலேயே நிற்பதால், மற்றவை அதற்குப் பின்னால் போகின்றன.

தொகுப்புக் கட்டத்தில்தான் குழப்பம் அதிகம். பகுத்த துண்டுகளை மறுபடி ஒட்டவைப்பது என்று பலர் விளக்குகிறார்கள். உண்மையில் வேலையின் திசையே மாறுகிறது: முதலில் தட்டையான ஒரு வடிவம், பிறகு அது பொருளாகிறது. பிராக் 1912 செப்டம்பரில் சோர்க் நகரில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். நிறத்தைத் தாள் தந்தது, வடிவத்தைக் கரிக்கோடு தந்தது. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று அடங்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. இந்த விடுதலைதான் இக்கட்டத்தின் உயிர்.

அதே ஆண்டு மே மாதத்தில் பிக்காசோ செய்த 'பிரம்பு நாற்காலியுடன் அசையாப்பொருள்' படத்தில் நிஜப் பிரம்பு இருப்பதாக எழுதுவார்கள். அங்கே இருப்பது பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணி. நீள்வட்டத்தைச் சுற்றியிருக்கும் கயிறுதான் நிஜம். ஒட்டு வேலை இருந்தால்தான் தொகுப்புக் கட்டம் என்பதும் சரியல்ல. 1921இன் 'மூன்று இசைக்கலைஞர்கள்' முழுக்க எண்ணெய் வண்ணம்தான், பார்ப்பதற்கு வெட்டிய தாள்போல் இருந்தாலும்.

எல்லாக் கியூபிஸ்டுகளையும் இந்தக் கட்டங்களில் அடக்குவதும் தவறு. 1911இல் பாரிஸில் நடந்த அந்தேபாந்தான் ஓவியக் காட்சியின் 41ஆம் அறையில் கியூபிசத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியவர்கள் கிளேஸ், மெத்சாங்ஜே, லெஜே, தெலோனே போன்றோர். பிக்காசோவும் பிராக்கும் அதில் இல்லை. தெலோனேயின் ஈபிள் கோபுர ஓவியங்களை அந்த இருவருக்கான கட்டப் பட்டியலில் திணித்தால் பொருந்தாது.

கையெழுத்தைப் பார்த்து இது யார் வரைந்தது என்று முடிவு செய்வதும் ஆபத்து. அந்த ஆண்டுகளில் பிக்காசோவும் பிராக்கும் பல படங்களில் கேன்வாஸின் பின்புறத்தில்தான் கையெழுத்திட்டார்கள். முன்புறத்தில் தெரிவது பிற்பாடு சேர்த்ததாகவும் இருக்கலாம்.