சிபிசிடி ஸ்கேனில் தாடை எலும்பின் தடிமனை அளப்பது எப்படி?

இம்ப்ளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் திருகு) வைப்பதற்கு ஓபிஜி படத்தை, அதாவது முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரேயை, மட்டும் பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாமே சுமார் 20 முதல் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். தடிமனைப் பற்றியோ ஓபிஜி ஒன்றுமே சொல்லாது. கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை எலும்பு எத்தனை மி.மீ., எந்த இடத்தில் குழிகிறது என்று தெரிய, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியை வைத்து நான் அளக்கும் முறையை எழுதுகிறேன்.

ஸ்கேனும் சாஃப்ட்வேரும்

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சு உருளை வைக்கச் சொல்லுங்கள். ஈறு தனியாகப் பிரிந்து தெரியும். டிகாம் ஃபோல்டரை (ஸ்கேனின் மூலக் கோப்புகள்) கேட்டு வாங்குங்கள், ஜேபெக் படங்கள் உதவாது. இன்னும் சிடியில் தருபவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், கூடவே சக்கரம் வைத்த நல்ல மவுஸ் ஒன்றும். டச்பேடில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ப்ளூ ஸ்கை பிளான் போதும். திட்டமிடும் வரை இலவசம், பல் மருத்துவத்துக்கென்றே செய்தது. த்ரீடி ஸ்லைசர் முழுக்க இலவசம், வலுவானதும்கூட. ஆனால் அது பொதுவான மருத்துவப் படங்களுக்கானது, பழக நாளாகும். எலும்பின் முழு வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க எனக்கு ஸ்லைசர் பிடிக்கும், அளக்க ப்ளூ ஸ்கைதான்.

வெட்டுக் கோணம்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். திரையில் தெரியும் குறுக்குவெட்டு எலும்புக்கு நேர் செங்குத்தாக இருந்தால்தான் அதில் அளக்கும் எண் உண்மை. வெட்டு சாய்ந்தால் எலும்பு எப்போதும் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். 6 மி.மீ. தடிமனுள்ள எலும்பை 30 டிகிரி கோணலாக வெட்டினால் 6.9 என்று காட்டும். சாஃப்ட்வேர் எந்த எச்சரிக்கையும் தராது.

இரண்டு திசையில் சாய்வு வரும். ஒன்று, மேலிருந்து பார்க்கும் ஆக்ஸியல் படத்தில் நீங்கள் வரையும் வளைகோடு. எலும்பின் நடுவாக ஐந்தாறு புள்ளிகள் வைத்தால் போதும். நிறைய வைத்தால் கோடு நெளியும், ஒவ்வொரு நெளிவிலும் வெட்டு திரும்பிவிடும். பல் இல்லாத இடத்தில் பக்கத்துப் பற்களைப் பார்த்து வரையாமல் அங்குள்ள எலும்பையே பார்த்து வரையுங்கள்.

இரண்டாவது, நோயாளி தாடையை உயர்த்தி வைத்திருந்ததால் வரும் முன்பின் சாய்வு. வளைகோடு வரையும் முன்பே, பற்கள் கடிக்கும் தளம் கிடைமட்டமாக வரும்படி முழு படத்தையும் திருப்பி நிறுத்துங்கள். 20 டிகிரி சாய்வை விட்டுவிட்டால் 12 மி.மீ. உயரம் 12.8 ஆகத் தெரியும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேல் நாம் விடுவதே 2 மி.மீ. இடைவெளி, அதில் 0.8 இங்கேயே போய்விடுகிறது.

நரம்பு

மென்டல் ஃபோராமெனிலிருந்து தொடங்குங்கள். முன்கடைவாய்ப் பற்களின் வேர்ப்பக்கத்தில் எலும்பின் வெளிச்சுவரில் ஒரு துளையாகத் தெரியும். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வெட்டாக நரம்புக் கால்வாயைக் குறித்துக்கொண்டே போங்கள். வெள்ளை விளிம்பு எல்லா இடத்திலும் தெரியாது. தெரியாத இடத்தில் முன்வெட்டையும் பின்வெட்டையும் வைத்து இணையுங்கள்.

அளவும் வடிவமும்

ரிட்ஜ், அதாவது பல் இருந்த இடத்தின் எலும்பு மேடு, வயல் வரப்பு மாதிரி, பெரும்பாலும் மேலே குறுகி கீழே அகன்றிருக்கும். அதனால் ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். உச்சியிலிருந்து 1, 3, 5 மி.மீ. கீழே என்று தனித்தனியாக அளங்கள். 4 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்டுக்கு இருபுறமும் 1.5 விட்டால் 7 மி.மீ. வேண்டும். 10 மி.மீ. நீளத்துக்கு நரம்பு வரை 12. உயரம் இருந்தும் உச்சி கத்திபோல் மெலிந்திருந்தால், 1988இல் காவுட், ஹவல் இருவரும் தந்த வகைப்பாட்டில் அது நான்காம் வகை. எலும்பு சேர்ப்பதைப் பற்றி முதலிலேயே நோயாளியிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம் நாக்குப் பக்கச் சுவர். அது நேராக இறங்குகிறதா, கீழே அகல்கிறதா, உள்ளே குழிகிறதா என்று ஒவ்வொரு வெட்டிலும் பாருங்கள். மேலே 8 மி.மீ. இருக்கும் எலும்பு, உமிழ்நீர்ச் சுரப்பி ஒட்டியிருக்கும் பள்ளத்தில் சட்டென்று மெலியலாம். அங்கே டிரில் சுவரைத் துளைத்தால் வாயின் அடித்தளத்தில் இரத்தம் கட்டி, நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழியே அடைபடலாம். இம்ப்ளான்டின் சாய்வைத் தீர்மானிப்பது இந்தக் குழிதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு சந்தேகங்கள். அச்சிட்ட தாளில் ஸ்கேல் வைத்து அளக்கலாமா? நிஜ அளவிலேயே அச்சாகியிருந்தால் மட்டும். படத்திலுள்ள அளவுக்கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 10 மி.மீ. சரியாக 10 வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஃபோட்டோவில் அளக்கவே கூடாது.

பக்கத்துப் பல்லில் உலோக கிரவுன் இருந்தால்? அதை ஒட்டிக் கறுப்புப் பட்டை விழும், மெல்லிய சுவர் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். பட்டை விழாத அடுத்த வெட்டில் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்கேனின் வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) அளவே 0.2 முதல் 0.4 மி.மீ. என்பதால் 6.87 என்று திரை காட்டினாலும் நான் 6.5 என்றுதான் குறித்துக்கொள்வேன்.