ஓசி (OC) இணைப்பு வேகத்தை மெகாபைட்டாக மாற்றும் கணக்கு: 1024 பக்கம் போகாதீர்கள்

500 ஜிகாபைட் பேக்கப் ஒன்றை ஓசி-12 இணைப்பு (ஓசி என்றால் ஆப்டிகல் கேரியர், ஃபைபர் இணைப்புகளின் வேக வரிசை) வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. நொடிக்கு 77.76 மெகாபைட் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். ஓட ஆரம்பித்ததும் திரையில் 69 பக்கம்தான் நின்றது. 11 சதவீதம் எங்கே போனது என்று அரை நாள் கேபிளையும் கார்டையும் சந்தேகப்பட்டுத் திரிந்தேன். கடைசியில் இணைப்பு சரி, என் பெருக்கலும் சரி, இரண்டையும் ஒப்பிட்ட விதம்தான் தப்பு, வழியில் கழிய வேண்டியதையும் விட்டுவிட்டேன்.

முதலில் எளிதான பகுதி. ஓசி-1 என்பது நொடிக்கு 51.84 மெகாபிட். ஓசிக்குப் பின்னால் வரும் எண்ணை அதோடு பெருக்குங்கள்: ஓசி-3 என்றால் 155.52, ஓசி-12 என்றால் 622.08, ஓசி-48 என்றால் 2488.32. பிறகு 8-ஆல் வகுத்தால் மெகாபைட் வந்துவிடும்.

எனக்கு இந்த வகுத்தல்கூட வேண்டியதில்லை. ஓசி இணைப்புகள் பின்பற்றும் தரநிலைக்கு சோனெட் என்று பெயர், அது தரவை ஃபிரேம் என்ற கட்டங்களாக அனுப்புகிறது. ஓசி-1 அளவு ஃபிரேம் ஒன்றில் 9 வரிசை, 90 நெடுவரிசை, ஆக 810 பைட். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்த காலத்துப் பழக்கப்படி, நொடிக்கு 8000 ஃபிரேம் போகும். 810-ஐ 8000-ஆல் பெருக்கினால் 64,80,000 பைட், அதாவது 6.48 மெகாபைட். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஓசி எண்ணால் பெருக்கினால் நேராக மெகாபைட். 12 × 6.48 = 77.76. ஓசி-192க்கு 1244.16, புள்ளியை மூன்று இடம் நகர்த்தினால் 1.24416 ஜிகாபைட். உங்கள் ஆவணத்தில் ஓசிக்குப் பதில் எஸ்டிஎம் (இதே போன்ற இன்னொரு தரநிலையின் வேகப் பெயர்) என்று இருந்தால் 6.48க்குப் பதில் 19.44-ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் எஸ்டிஎம்-1ம் ஓசி-3ம் ஒரே வேகம்.

சரி, இப்போது என்னைக் கவிழ்த்த இடம். நெட்வொர்க் உலகில் மெகா என்றால் 10 லட்சம், அவ்வளவுதான், அங்கே 1024 என்ற எண்ணுக்கே வேலை கிடையாது. ஹார்ட் டிஸ்க் பெட்டியில் அச்சடிப்பவர்களும் 1000 கணக்குதான். ஆனால் விண்டோஸ் திரையில் எம்பி என்று காட்டுவது 1024 × 1024, அதாவது 10,48,576 பைட்டை. அதற்கு மெபிபைட் என்று 1998-லேயே தனிப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆனாலும் திரையில் எம்பி என்றேதான் வருகிறது. மேக்கில் 2009-லிருந்து 1000 கணக்கு. ஆக ஒரே கோப்பு, ஒரே வேகம், இரண்டு கணினியில் இரண்டு எண். நான் 1000 கணக்கில் வந்த 77.76-ஐ 1024 கணக்கில் வந்த 69-ஓடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் என் வழக்கம் இது: ஆரம்பத்திலிருந்து முடிவு வரை 1000 கணக்கிலேயே போவேன், நடுவில் எங்கேயும் 1024 வராது. திரையோடு ஒப்பிட வேண்டிய கடைசி நொடியில் மட்டும், ஒரே ஒரு தடவை, 1.048576-ஆல் வகுப்பேன். 77.76 அப்போது 74.16 ஆகிறது.

அப்புறமும் 69 வரவில்லையே? மீதி, ஃபிரேமுக்கு உள்ளேயே போகிறது. அந்த நெடுவரிசைகளில் சில, இணைப்பைக் கவனித்துக்கொள்வதற்கான ஓவர்ஹெட். நம் தரவு அதில் ஏறாது. ஒரே குழாயாகச் சேர்த்த ஓசி-3சி, ஓசி-12சி போன்றவற்றில் 270-க்கு 260 பங்கு (அதாவது 26/27) நமக்கு மிஞ்சும், ஓசி-12சியில் அது நொடிக்கு 599.04 மெகாபிட், அதாவது 74.88 மெகாபைட். அதற்கு மேல், ஒவ்வொரு பாக்கெட்டிலும் தரவோடு சேர்ந்து போகும் பிபிபி, ஐபி, டிசிபி என்ற நெறிமுறைகளின் தலைப்புகள். 1500 பைட் பாக்கெட்டில் உண்மையான சரக்கு 1460தான், கம்பியில் அது எடுத்துக்கொள்ளும் இடமோ சுமார் 1509. கழித்துப் பார்த்தால் 72.4 மெகாபைட் சொச்சம், அதை 1.048576-ஆல் வகுத்தால் 69.1. திரையில் நின்ற எண் இதேதான்! 500 ஜிகாபைட்டுக்கு 1 மணி 47 நிமிடம் என்று நான் சொன்னது உண்மையில் 1 மணி 55 நிமிடம் ஆக வேண்டியது.

கருவி? இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளை நான் தொடுவதில்லை, பல 1000-ஆ 1024-ஆ என்று சொல்வதே இல்லை. விரிதாளில் ஓசி எண், 6.48, 26/27 என்று மூன்று கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, சுருக்கெழுத்தில் சிறிய பி (b) பிட், பெரிய பி (B) பைட். அவசரத்தில் இதை மாற்றிப் படித்தால் 8 மடங்கு தப்பு.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் 10 ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு 10.3125-ஐ 8-ஆல் வகுத்துவிட்டு, 1.289 ஜிகாபைட் ஏன் வரவில்லை என்று கேட்டார். 10.3125 என்பது 64 பிட்டை 66 ஆக்கி அனுப்பும் குறியாக்கத்தோடு சேர்த்த கம்பி வேகம், உள்ளே இருக்கும் தரவு சரியாக 10தான், ஆகவே 1.25 ஜிகாபைட். ஓசியில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே பிட்டைக் கலைத்துப் போடுவார்களே தவிர எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை.

இன்னொருவருக்கு ஜிபான் (GPON, பல வீடுகள் ஒரே ஃபைபரைப் பகிரும் முறை) ஃபைபர். அதில் இறங்கு வேகம் 2.48832 ஜிகாபிட், ஓசி-48 எண் அப்படியே, ஆக 311.04 மெகாபைட். ஆனால் அது ஒரே ஃபைபரில் தொங்கும் எல்லா வீட்டுக்கும் சேர்த்து. உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டால், முதலில் உங்கள் திட்டத்தில் எழுதியிருக்கும் மெகாபிட்டை 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.