ஆடிப்பட்டத்து நாற்றங்காலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் இந்த ஆண்டு நான்கு வீட்டார் புதிதாகக் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி அடைமழை வருவதற்குள் கத்தரியும் மிளகாயும் வேரூன்றி நிற்க வேண்டுமானால், ஆனிக் கடைசியிலும் ஆடியிலும், அதாவது வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணை வறுத்தெடுக்கும் நாட்களில்தான் விதைத்தாக வேண்டும். அந்த நான்கு நாற்றங்கால்களையும் போய்ப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை அப்படியே கண்டேன். தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும், பூச்சி அரித்த விதையை விலக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

விதைத்தபின் ஒரு பகல் காயவிடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்து, பழி முழுவதும் விதையின் மேல் விழுகிறது.

நான் முதன்முதலில் கத்தரி விதைத்தது ஆடி 13 அன்று. நான்கு நாள் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். ஐந்தாம் நாள் ஆடிப்பெருக்கு. விடியற்காலையிலேயே குடும்பத்தோடு திருவையாற்றுக்குப் புறப்பட்டவன், இரவுதான் வீடு திரும்பினேன். மேலே நிழல்வலை கட்டியிருந்தேன், வாய்க்காலிலும் தண்ணீர் ஓடியது, ஆகவே ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எண்ணினேன். மறுநாள் முதல் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றியும் ஒரு முளைகூட வரவில்லை. பதினைந்தாம் நாள் விதைக்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்து பாத்தியைக் கிளறியபோதுதான் உண்மை தெரிந்தது: பல விதைகளில் நூல் போன்ற சிறு வேர் வெளியே வந்து, பழுப்பேறிக் கருகிக் கிடந்தது. விதையில் குறையில்லை; அதை முளைக்கவைத்துக் கொன்றவன் நான்தான்.

நெல் விதைக்கும் நமக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளைகட்டிய விதைநெல்லை யாராவது களத்து வெயிலில் ஒரு பகல் பரப்பிவைப்போமா? காய்ந்த விதை பொறுத்துக்கொள்ளும்; நீரை உறிஞ்சி வேர் நீட்டிய விதைக்குப் பின்வாங்க வழியில்லை. கத்தரி, தக்காளி விதைகள் அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் கிடப்பவை. வெயில் அந்த மேல்மண்ணைச் சூடாக்குகிறது, மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. நிழல்வலை வெயிலைத் தணிக்குமே தவிர, பக்கவாட்டில் வரும் காற்றைத் தடுக்காது. நம் வண்டல் களிமண்ணில் மற்றொரு தொல்லையும் உண்டு: காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடுவதால், தப்பிப் பிழைத்த முளையும் அதை உடைத்து வெளியே வர முடியாது.

இழப்பு விதையின் விலையோடு நின்றுவிடவில்லை. நான் மறுபடி விதைத்தது ஆவணி 3 அன்று. முதல் விதைப்பு பிழைத்திருந்தால் ஐப்பசி மழையின்போது செடிகள் பூத்துப் பிஞ்சு விட்டிருக்கும். மூன்று வாரம் பிந்தியதால், வேர் பரவாத இளஞ்செடிகள் தேங்கிய தண்ணீரில் அழுகின, அந்தப் பருவமே போயிற்று. இந்த ஆண்டும் ஓர் அத்தை, கடைக்காரர் போலி விதை கொடுத்துவிட்டார் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டபோது எனக்குப் பழைய வருத்தமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

செய்ய வேண்டியது எளிது. பாத்தியின் மேல்மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து, விதையை வரிசையில் தூவி மெல்லிய மணலால் மூடுங்கள். மேலே வைக்கோலோ நனைத்த சாக்கோ பரப்பி, மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி நிறுத்துங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் விரலை வைத்துப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள். கத்தரிக்கு ஏழெட்டு நாள், மிளகாய்க்குப் பத்து நாளுக்கு மேலும் இந்தக் காவல் வேண்டும். அந்த நாட்களில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் விதைப்பைத் தள்ளிவையுங்கள்.

முளைத்தபின்னும் மூடியே வைப்பது

பாதிக்கு மேல் முளை தெரிந்த அன்றே, மாலையில், வைக்கோலையும் சாக்கையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டு சாயும்.

காயும் என்ற பயத்தில் ஊறவைப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. முளைத்தபின் மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் நாற்றழுகல் நோய் வந்து, தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நைந்து, நாற்றுகள் கூட்டமாகச் சாயும். நெருக்கமாகத் தூவிய பாத்தியில் இது விரைவாகப் பரவும். விதைக்குமுன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) என்ற அளவில் கலந்து விதைநேர்த்தி செய்வது நல்லது. வீட்டுத் தோட்டத்துச் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

கறுப்புக் குழாயில் நின்ற தண்ணீர்

வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீர் கையைச் சுடும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

பாலக்கும் கொத்தமல்லியும் இப்போதே

வேண்டாம், சூடான மண்ணில் இவை சரியாக முளைப்பதில்லை, வெயில் தணியட்டும்.

தரைமட்டத்தில் நடுவது

ஆடியில் வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து, தண்ணீர் நிற்கட்டும் என்று பள்ளப்பாத்தி கட்டுகிறார்கள். அதே பாத்தி ஐப்பசியில் குட்டையாகிவிடும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளுக்கு மேலும் நடவுக்குத் தயாராகும். அதற்குள் மண்ணை நீள மேடுகளாக அணைத்துப் பார் பிடித்து, கடைசிப் பாரிலிருந்து வாய்க்கால்வரை வடிகால் வெட்டி முடித்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு, பாரின் பக்கச்சரிவில் நாற்றை நட்டு, அப்போதே தண்ணீர் விடுங்கள்.