ஜேஏஜி கிளை: ராணுவ வக்கீலாகச் சேர்ந்து உயர்பதவி வரை போக

இந்தியத் தரைப்படையின் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் கிளையை எல்லோரும் ஜேஏஜி என்றுதான் சொல்வார்கள். அதில் சேர 21 முதல் 27 வயது வரைதான் வாய்ப்பு. எல்எல்பியில் மொத்தம் 55 சதவீதம் இருக்கவேண்டும்; மூன்றாண்டுப் படிப்பானாலும் ஐந்தாண்டுப் படிப்பானாலும் சரி. பார் கவுன்சிலில் பதிவதற்கான தகுதி வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

இப்போது எல்எல்எம் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான முதுநிலை கிளாட் மதிப்பெண்ணும் கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான். எல்எல்எம் படிக்கும் எண்ணம் இல்லாததால் கிளாட் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ராணுவ அறிவிப்பு வரும்போது கையில் மதிப்பெண் இருப்பதில்லை. எல்எல்எம் முடித்தவருக்கும் இதில் விலக்குக் கிடையாது. எந்த ஆண்டு கிளாட் செல்லும் என்று அறிவிப்பில் இருக்கும். ஆகவே கடைசி ஆண்டுப் படிப்பிலேயே தேர்வை எழுதி வைத்துவிடுங்கள்.

விண்ணப்பங்களை வடிகட்டியபின் எஸ்எஸ்பி எனப்படும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் சோதனை, ஐந்து நாள். முதல் நாள் நுண்ணறிவுத் தேர்வும், படம் பார்த்துக் கதை எழுதி அதைக் குழுவில் விவாதிப்பதும். தேறாதவர்கள் அன்றே வீடு திரும்பலாம். அடுத்து உளவியல் தேர்வுகள்: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி, 60 சூழ்நிலைகள், மொத்தம் 30 நிமிடம். பிறகு மைதானக் குழுப்பணிகள், நேர்முகம், இறுதிக் கூட்டம். வக்கீல்கள் குழு விவாதத்தில் நீதிமன்ற வாதம்போல எதிராளியை மடக்கப் பார்ப்பார்கள். அங்கே அது எடுபடாது. அடுத்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டு வேலையை முன்னே நகர்த்துகிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

இடங்கள் எப்போதும் சொற்பம். முன்பு ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு மூன்று என்று பிரித்து வைத்திருந்ததால், ஆண்களைவிட அதிக மதிப்பெண் பெற்ற பெண்களும் வெளியே நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அர்ஷ்னூர் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ரத்து செய்து, பொதுத் தரவரிசைப் பட்டியல் வெளியிடச் சொன்னது. பழைய வழிகாட்டிக் குறிப்புகளில் உள்ள இட எண்ணிக்கையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையும் தேறினால் 49 வாரப் பயிற்சி, உதவித்தொகை மாதம் 56,100 ரூபாய். சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஓடிஏ எனப்படும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இதற்குப் பெயர்போனது. போகுமுன்பே 2.4 கிலோமீட்டரை அறிவிப்பில் உள்ள நேரத்துக்குள் ஓடப் பழகியிருங்கள். ஓடிப் பழகாமல் போனவர்களுக்குக் கால் எலும்பில் விரிசல் விடுவது சாதாரணம்; அதனால் பயிற்சிக் காலமே தள்ளிப்போகலாம்.

லெப்டினன்டாக வெளியே வந்தபின் வக்கீல் தொழில் நடத்த முடியாது. இனி உங்கள் கட்சிக்காரர் படைதான். ராணுவச் சட்டத்தை நாக்பூர் அருகே காம்ப்டியில் உள்ள ராணுவச் சட்டக் கல்விக்கூடத்தில் கற்பீர்கள். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளும் மனப்பாடமாக வேண்டும்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி, கமாண்டர் கையெழுத்திடுமுன் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைப் பார்த்துச் சட்டப்படி சரியா என்று சொல்வது. கோப்பு வந்ததும் முதலில் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பிரிவு 122-ன்படி, தப்பியோடுதல், கலகம் போன்ற சில குற்றங்கள் தவிர மற்றவற்றை மூன்றாண்டுக்குள் விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். நடவடிக்கை எடுக்கும் அதிகாரிக்கு விஷயம் எப்போது தெரிந்தது என்பதில்தான் சண்டையே வரும். அடுத்து, விதி 22-ல் குற்றச்சாட்டு முறையாகக் கேட்கப்பட்டதா, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தரப்பட்டதா என்று பாருங்கள். விசாரணைக் குழு ஒருவரின் நற்பெயரைத் தொட்டிருந்தால், விதி 180-ன்படி அவர் முழுக்க உடனிருந்தாரா? குற்றப்பத்திரிகை கொடுத்ததற்கும் விசாரணைக்கும் இடையே 96 மணி நேரம், களப்பணியில் 24 மணி நேரம், இருந்ததா? இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், தண்டனை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், படையினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு ஆட்டம் காணும்.

ராணுவத்தின் உயர் விசாரணை மன்றமான ஜெனரல் கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறது பிரிவு 129. அவருக்கு வாக்கு கிடையாது. சாட்சியத்தைத் தொகுத்து, பொருந்தும் சட்டத்தை உறுப்பினர்களுக்கு விளக்குவதே அவர் வேலை. இந்த நாற்காலிக்குப் பதவி நிலை முக்கியம். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிட இளைய பதவியில் உள்ளவர் அதில் அமரக் கூடாது, வேறு ஆள் கிடைக்காவிட்டால் அதைப் பதிவு செய்யவேண்டும் என்று 2000-ல் சரண்ஜித் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேப்டனாக இருக்கும்வரை பெரிய அதிகாரிகளின் வழக்கு உங்களிடம் வராது. பதவி உயர்வை வெறும் மரியாதை என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இரண்டாம் ஆண்டில் கேப்டன், ஆறாம் ஆண்டில் மேஜர், பதின்மூன்றாம் ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். இவை காலத்தோடு வரும். அதற்குமேல் கர்னல், பிரிகேடியர், கிளைக்கே தலைவரான மேஜர் ஜெனரல் என எல்லாம் தேர்வுக் குழுவின் கையில். அதற்கு, ஓய்வுபெறும் வயது வரை பணியில் இருக்க வழிசெய்யும் நிரந்தர கமிஷன் வேண்டும். நீங்கள் முதலில் சேருவது குறுகிய கால கமிஷனில்; அது பத்து ஆண்டு, மேலும் நான்கு நீட்டிக்கலாம், அவ்வளவுதான். ஜேஏஜியிலும் கல்விப் பிரிவிலும் பெண்களுக்கு 2008-லேயே நிரந்தர கமிஷன் கதவு திறந்தது; மற்ற பல பிரிவுகளில் 2020-ல் பபிதா புனியா தீர்ப்புக்குப் பிறகுதான்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஏசிஆர் எனப்படும் ஆண்டு ரகசிய அறிக்கை. நிரந்தர கமிஷனுக்கு வரப்போவதில்லை என்ற நினைப்பில் பெண் அதிகாரிகளின் அறிக்கைகள் அலட்சியமாக எழுதப்பட்டதை 2021-ன் நிதிஷா தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எனவே முதல் ஆண்டிலிருந்தே கவனம் வேண்டும். நீங்கள் நடத்திய விசாரணைகள், தீர்ப்பாயத்தில் நிலைத்த வழக்குகள் ஆகியவற்றின் பட்டியலை அறிக்கை எழுதும் அதிகாரியிடம் உரிய நேரத்தில் கொடுங்கள். அநியாயம் நடந்தால் பிரிவு 27-ன்கீழ் மத்திய அரசிடம் முறையிடலாம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்த முறையீட்டின் பலம் குறையும்.

நிரந்தர கமிஷன் கிடைக்காமல் 14-ஆம் ஆண்டில் வெளியேறினால் பணிக்கொடை உண்டு, வழக்கமான ஓய்வூதியம் இல்லை. அதற்கு 20 ஆண்டுப் பணி வேண்டும். பார் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் எதிர்த்தரப்பு மேசையில் உட்காரலாம். கோப்புகள் எங்கே உடையும் என்று தெரிந்தவருக்கு அங்கே வழக்குகள் வரும்.